ஒரே பேனரில் இரண்டு தலைவர்கள்

செபக் டக்ரா என்று ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். சரி, கபடி, கோகோ, கழுத்தில் ஒரு விசில், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். கள்ளக்குறிச்சிக்கு வாழ வந்து பார்த்தால் பரண்மேல், கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், எங்கே குனிந்தாலும் கூடை மாதிரி பின்னிய ஒரு பந்து. "இது இன்னாங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்த மனுஷன் இன்னும் நிறுத்தவில்லை.

உங்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்மிண்டன் ஆடுகிற அளவுக்கு ஒரு கட்டம், நடுவில் வலை. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். பந்து உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பெல்லாம் பிரம்பில் பின்னுவார்களாம், இப்போது பிளாஸ்டிக். ஒருத்தி கையால் தூக்கிப் போட, இன்னொருத்தி காலால் உதைத்து சர்வீஸ் போடுவாள். அதோடு கைக்கு வேலை முடிந்தது. அப்புறம் கால், முட்டி, நெஞ்சு, தலை எதனால் வேண்டுமானாலும் அடிக்கலாம், கை மட்டும் படக்கூடாது. மலேசியா, தாய்லாந்துப் பக்கம் குழந்தைகூட ஆடுமாம். நம் பக்கத்தில் பெயரைச் சொன்னால், "சேப்பாக்கமா?" என்று கேட்பார்கள்.

இவர் அதைத்தான் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் எங்கள் பெண்கள் விழுப்புரம் மாவட்டத்தின் பெயரில் ஆடினார்கள். தனி மாவட்டம் ஆனபோது ஊரே பட்டாசு வெடித்தது. கலெக்டர் ஆபீஸ் வருகிறது, கோர்ட் வருகிறது, இனி ஒரு கையெழுத்துக்கு விழுப்புரம் வரை பஸ் பிடிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மட்டும் எழவு விழுந்த மாதிரி இருந்தது. விழுப்புரம் சங்கத்தில் நல்ல மனுஷர்கள்தான். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. "சார், இனிமே உங்க புள்ளைங்க உங்க மாவட்டம். தனியா சங்கம் வச்சி, மேல அங்கீகாரம் வாங்கிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

சங்கம் வைத்தோம். செயலாளர் இவர். துணைத் தலைவி நான். இவரோடு வேலை பார்க்கிற கணக்கு வாத்தியாரைக் கெஞ்சித் தலைவராக்கினோம், அவருக்கு அந்த விளையாட்டின் பெயரைச் சொல்லவே ஒரு வாரம் ஆனது. சங்கத்தின் அலுவலகம் என் வீட்டு ஹால். வலை பூஜை அறைக் கதவில் மாட்டியிருக்கும். மாமியார் ஊரிலிருந்து வந்தால் அதைக் கொசுவலை என்று நினைத்துக் கட்டிலில் கட்டச் சொல்வார்.

அங்கீகாரம் என்பதுதான் சிக்கல். மாவட்டத்துக்கு மாநிலச் சங்கம் கொடுக்க வேண்டும், மாநிலத்துக்கு டெல்லியில் இருக்கிற தேசிய சம்மேளனம் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து தேசிய சம்மேளனம் இரண்டாக உடைந்து கிடந்தது. அதுவரை ஒருவர் தலைவர், ஒருவர் பொதுச்செயலாளர். ஒன்றாக வெளிநாடு போய், ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். என்ன தகராறோ, எனக்குக் கடைசிவரை புரியவில்லை, இரண்டு பேரும் தனித்தனியாகத் தேர்தல் நடத்தி, இரண்டு பேரும் தங்களைத் தலைவர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரே பெயர், ஒரே முத்திரை, இரண்டு சம்மேளனம். மாநிலத்திலும் இரண்டு கிளை. ஆண்டுக்கு இரண்டு தேசியப் போட்டி, வேறு வேறு ஊரில். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு சுற்றறிக்கையும் இரண்டு தடவை வரும். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எந்தக் கூத்தாடிக்கோ தெரியவில்லை, எங்களுக்கு இல்லை.

எங்களுக்கு அவசரம் இருந்தது. அந்த அவசரம் ஒரு பெண்.

அவள் கல்வராயன் மலைக்காரி. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, வெள்ளிமலைக்கு அப்பால் பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் நடக்க வேண்டும். அப்பாவுக்கு மரவள்ளிக் காடு. பிளஸ் ஒன் படிக்கக் கீழே வந்து அரசு விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் சாப்பாடு. வாய் அதிகம் பேசாது. பேசினால் குத்தும். "அக்கா, உங்க தோசையக் கீழ போட்டா எங்க பந்து மாதிரியே எகுறும்க்கா" என்பாள். சொல்லிவிட்டு அந்தத் தோசையையே ஆறு ஏழு தின்பாள்.

அவள் ஆடி நான் முதலில் பார்த்தது பள்ளி மைதானத்தில், ஒரு சாயங்காலம். வலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். கூட ஆடுகிறவள் பந்தை மேலே ஏற்றிக் கொடுத்தாள். இவள் எகிறினாள், காற்றிலேயே உடம்பை உருட்டித் திரும்பி, வலைக்கு மேலே கால் போக ஒரு உதை. பந்து அந்தப் பக்கம் தரையில் பட்ட சத்தம் கேட்கும்போது இவள் இந்தப் பக்கம் இரண்டு காலில் நின்றுகொண்டு ரிப்பனைச் சரி செய்கிறாள். எனக்கு வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்துவிட்டது. அதுவரை இவர் இந்தப் பந்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் திட்டுவதை நிறுத்தினேன். அதாவது, குறைத்தேன்.

விழுப்புரம் பெயரில் கடைசியாக ஆடிய மாநிலப் போட்டியில் சென்னைக் கல்லூரி ஒன்றின் பி.டி. மேடம் அவளைப் பார்த்துவிட்டு இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஜூனியர் தேசியப் போட்டியில் இவள் ஒரு தடவை ஆடிவிட்டால் போதும், விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, விடுதி, சாப்பாடு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும் என்றார். "ரெண்டு நேஷனல் நடக்குதுங்களே மேடம், எதுல ஆடணும்?" என்று இவர் கேட்டாராம். "எதுலயாவது ஆடட்டும் சார், எங்களுக்கு ஆட்டக்காரிதான் வேணும்" என்றாராம் அந்த அம்மா. வயதுக் கணக்கில் அவளுக்கு ஜூனியரில் அதுதான் கடைசி வருஷம்.

அவள் அப்பா கிழங்கு லாரியில் ஒரு நாள் கீழே வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கதவோரம் நின்றுகொண்டே பேசினார். "சீட்டு கெடச்சா போவட்டும் சார். நான் வேணாங்கல. கெடைக்கலனா பெரியவ போற மில்லுக்கே இவளும் போவட்டும். வூட்ல வச்சிக்கினு இன்னா பண்றது?" பெரியவள் திருப்பூர்ப் பக்கம் நூல் மில்லில் இருந்தாள். அப்பா சொன்னதை அவள் அடுப்படியில் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "போயிடுவேன்க்கா, சென்னைக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஆக எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டில் ஏதாவது ஒரு சங்கம் எங்கள் மாவட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவள் மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்குப் போக வேண்டும். போனால் எடுத்துவிடுவார்கள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யாராவது ஒருவர் பக்கம் போய் நில்லுங்கள் என்று நானும் சொன்னேன், கணக்கு வாத்தியாரும் சொன்னார். இவர் கேட்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் சனத்தின் பழக்கம் தெரிய வேண்டும். பங்காளிச் சண்டை இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வரப்புக்கும் கிணற்றுக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருக்கும். ஆனால் கல்யாணம் என்று வந்தால், நடுவில் இருக்கிறவன் இரண்டு வீட்டுக்கும் பாக்கு வைத்துத்தான் ஆக வேண்டும். ஒரே நாளில், ஒரே மாதிரித் தட்டில். பத்திரிகையில் இரண்டு பேர் பெயரும் போட வேண்டும். ஒருவனுக்கு வைத்து ஒருவனுக்கு விட்டால்தான் பகை. இரண்டு பேருக்கும் வைத்தால் இரண்டு பேரும் வருவார்கள், பந்தலில் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், மொய் எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. இவருடைய இரண்டு சித்தப்பாக்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். ஒருவர் வாழைமரம் கட்டினார், ஒருவர் பந்தி பார்த்தார். ஒரு கைகலப்பு இல்லை.

இவருக்கு இதில் ஒரு பழைய வடுவும் உண்டு. இவர் அப்பா ஒரு தடவை பஞ்சாயத்தில் ஒரு பங்காளிக்காக வாய் திறந்துவிட்டார். "நீ அவன் ஆளா?" என்று கேட்ட மற்றவர் சாகிறவரை இவர்கள் வாசலை மிதிக்கவில்லை. சாவுக்கும் இவர்களைக் கூப்பிடவில்லை. அதிலிருந்து இவருக்கு யாரும் யாரையும் விட்டுக்கொடுத்துப் பேசக்கூடாது. வீட்டில் நானும் மாமியாரும் முறைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் புடவை எடுத்துக்கொண்டு வருவார்.

"சம்மேளனம்னா மட்டும் இன்னா? ரெண்டு பங்காளிங்க. நாம ரெண்டு பேருக்கும் பாக்கு வச்சிடுவோம்" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டு சரி என்றேன்.

மாவட்டச் சங்கத்தின் தொடக்க விழாவாக ஒரு போட்டி என்று முடிவானது. இவர் ஒரே நாளில் இரண்டு மாநிலக் கிளைக்காரர்களையும் போய்ப் பார்த்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, எல்லாம் முறைப்படி. இரண்டு பேரும் வருகிறேன் என்றார்கள். ஒருவருக்கும் மாவட்டத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. இவர் அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ஃபிளெக்ஸ் பேனர். டெல்லித் தலைவர்கள் இரண்டு பேர் படத்தையும் இணையத்திலிருந்து எடுத்து, பேனரின் மேலே பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். ஒருவர் முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இவர் கடைக்காரரிடம் ஸ்கேல் வாங்கிக் கணினித் திரைமேலேயே வைத்து அளந்தார். நான் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னா சார், ரெண்டு பேருக்கும் கீழ தலைவர், தலைவர்னே போட்டிருக்கு? ஒரு கட்சிக்கு ரெண்டு தலைவரா?" என்றார் ஃபிளெக்ஸ் கடைக்காரர்.

"நீ அடிப்பா" என்றார் இவர். "இருபெரும் தலைவர்கள் வாழ்க வாழ்கன்னு மேல பெருசா போடு."

விழா அன்றைக்கு வெயில் கம்மி. திருக்கோவிலூரிலிருந்து ஒரு அணி, திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அணி, எங்கள் பெண்கள் என்று மைதானம் கலகலவென்று இருந்தது. மலைக்காரி ஆடும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவெல்லாம் நின்று பார்த்தது. முதலில் ஒரு கிளைக்காரர் வந்தார். பேனரை அண்ணாந்து பார்த்தார். செல்போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மதியத்துக்கு முன்னால் மற்றவர் வந்தார். அவரும் அண்ணாந்து பார்த்து, அவரும் ஒரு போட்டோ. எங்கள் பேனர் நன்றாக இருக்கிறது போல என்று நான் நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

சாப்பாட்டில் இரண்டு பேரும் எதிர் எதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "வடை இன்னொண்ணு வைங்கம்மா" என்றார் ஒருவர். கேசரியை மற்றவர் பாராட்டினார். இவருக்கு முகமெல்லாம் பல். கை கழுவுகிற இடத்தில் என் காதோரம் வந்து, "பாத்தியா? நம்ம மொற எங்கயும் செல்லும்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வாரமே இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. போலிச் சம்மேளனத்தின் தலைவர் படத்தைப் பேனரில் போட்டுக் கௌரவித்ததால் கள்ளக்குறிச்சி மாவட்டச் சங்கத்துக்கு அங்கீகாரம் மறுக்கப்படுகிறது, அந்தப் போட்டியில் ஆடிய எல்லாருக்கும் ஓராண்டுத் தடை. இரண்டு உத்தரவிலும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோர்ட்டில் வெட்டிக்கொண்டு கிடந்த அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் எங்களைத் தள்ளி வைப்பது. சாப்பிட்ட வடை செரிப்பதற்குள் செய்தார்கள், பாவிகள்.

இவர் இரண்டு பேருக்கும் போன் போட்டார். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ஒருவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "சார், உங்கமேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அவங்க போலிச் சங்கம், தெரியாம கூப்ட்டுட்டேன்னு. அன்னைக்கே தடைய எடுத்துடுறோம். அந்தப் பொண்ண செலக்‌ஷனுக்குக் கூட்டிக்கினு வாங்க." மற்றவரும் அதையேதான் சொன்னார், குரல் மட்டும் வேறு.

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா? யாராவது ஒருவருக்கு ஒரு வரி. பெண் சென்னைக்குப் போய்விடுவாள். நான் பேனாவைத் தேடப் போய்விட்டேன்.

"எழுத மாட்டேன்" என்றார்.

முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "பாக்கு வச்சி கூப்டேன். நம்ம பந்தியில உக்காந்து சாப்ட்டவன். அவன போலின்னு என் கையால எழுதறதா? நம்ம சனத்துல எவன் செஞ்சிருக்கான்?" என்றார். "அவங்க செஞ்சாங்களே!" என்று கத்தினேன். "அது அவங்க தரம்" என்றார்.

தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி வரை எங்கள் வீட்டில் சண்டைதான். இவர் கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பிள்ளைகளுக்காகத் தன் சம்பளத்தில் பந்து வாங்குகிற மனுஷன், அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்படாத மனுஷன். அந்த நல்ல மனுஷன்தான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "உங்க ரோஷத்துக்கு அந்தப் பொண்ணுதான் கெடச்சாளா?" என்று கேட்டேன். குனிந்து பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் துணைத் தலைவிதான, நான் எழுதறேன்" என்றேன். "உன் கையெழுத்து செல்லாது, செயலாளர் கையெழுத்துதான் கேட்டாங்க" என்றார். அதை மட்டும் உடனே சொன்னார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டைப் அடிக்கிற கடையில் நானே போய் அந்த வரியை அடித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். அன்றைக்குப் பூராவும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுவார், மத்தியானம் போட்டு அனுப்பிவிடுவார் என்று பக்கத்துவீட்டு அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் அப்படியே இருந்தது. வேர்வையில் நனைந்து, கையெழுத்து இல்லாமல்.

கடைசித் தேதி போயிற்று. அணி அறிவித்தார்கள். அவள் இடத்தில் வேறு யாரோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போல் வந்தாள். இவர் அவளிடம், "தடை போட்டுட்டாங்கம்மா. நான் எவ்வளவோ பாத்தேன், முடியல" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். தாளித்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அவள் "பரவால்ல சார்" என்றாள். சாப்பிட்டாள். தோசையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் விடுதியைக் காலி செய்துகொண்டு அக்கா இருக்கிற மில்லுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் இவர் சாயங்காலம் மைதானத்துக்குப் போனார், சின்னப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்குள் பேச்சு சாப்பாடு, பால், கரண்ட் பில் என்று சுருங்கிவிட்டது. வலைக்கு அந்தப் பக்கம் யாராவது உயரமாக எகிறினால் இவர் சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு வருஷம் இருக்கும், ஒரு நாள் பள்ளியிலிருந்து ஓட்டமாக வந்தார். "ஏய், இங்க பாரு, இங்க பாரு!" என்று போனை நீட்டினார். டெல்லியில் இரண்டு சம்மேளனமும் ஒன்றாகிவிட்டதாம். மேலிடத்திலிருந்து நெருக்கினார்களோ, அவர்களுக்கே சலித்ததோ. அந்த இரண்டு தலைவர்களும் ஒருவருக்கு ஒருவர் சால்வை போர்த்தி, ஒருவர் வாயில் ஒருவர் லட்டு ஊட்டுகிறார்கள். பின்னால் பேனர். அதில் இரண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

"நான் அன்னைக்கே போட்டேன்ல? அன்னைக்கே போட்டேன்!" என்றார். கண்ணில் தண்ணீர். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாம் போல இருந்தது. எங்கள் மாவட்டத்துக்கு அங்கீகாரமும் வந்தது. பழைய தடைகள் எல்லாம் ரத்து என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வரி எழுதுவது எவ்வளவு லேசு.

பொங்கலுக்கு அவள் மலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். "போய் சொல்லிட்டு வருவோம் வா. சீனியர்ல ஆடலாம். கால் மறந்திருக்காது" என்றார் இவர். எனக்குப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் முடியவில்லை. கச்சிராயபாளையத்தில் பழம் வாங்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். வளைவுகளில் இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

வீட்டு வாசலில் கிழங்கு மூட்டை அடுக்கியிருந்தது. அவள் அப்பா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, "வாங்க சார், வாங்கம்மா" என்றார். அவள் உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். மில்லில் நாள் முழுக்க நிற்பதால் கணுக்காலில் வீக்கம். என்னைப் பார்த்துச் சிரித்து, "தோச எப்டிக்கா இருக்குது?" என்றாள். "எகுறிக்கினுதான் இருக்குது" என்றேன்.

இவர் செய்தியைச் சொன்னார். தலைவர்கள் கட்டிப்பிடித்ததை, தடை போனதை, சீனியர் தேர்வை. அவள் அப்பாவுக்கு விவரம் முழுக்கப் புரியவில்லை. "ரெண்டு பேரும் சேந்துட்டாங்கன்னா நல்லதுதானுங்க. அன்னைக்கு ஏன் சார் புள்ளைய வேணாம்னு சொன்னாங்க?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் இவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருந்தது. பந்தியில் சாப்பிட்டதை, போனில் கேட்டதை, எல்லாம் கொட்டினார். "ஒருத்தன போலின்னு ஒரு வரி எழுதுன்னாங்க. அப்டியே புள்ளைய எடுத்துக்கறோம்னாங்க. நான் எழுதலயே! பாக்கு வச்சவன காட்டிக்குடுக்கல நான்!"

நான் வேண்டாம் என்று இவர் கையைப் பிடித்தேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அவள் அப்பா கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "மொறதானுங்க சார். மனுஷன்னா அப்டித்தான் இருக்கணும். நானா இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எங்களுக்குக் கொடுக்க டம்ளரில் டீ எடுத்து வந்த அவள் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள்.

"ஒரு வரிதானா சார்?" என்றாள்.

இவர் சந்தோஷம் மாறாமல் "ஆமாம்மா, ஒரே வரி" என்றார்.

அவள் டம்ளரை இவர் கையில் கொடுத்தாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. "எங்கிட்ட சொல்லவே இல்லியே சார். சொல்லியிருந்தா உங்க கால்ல வுழுந்து எழுதச் சொல்லியிருப்பேன்."

இவர் டம்ளரைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். அவள் கேட்டிருந்தால் எழுதியிருப்பார். பாக்காவது பந்தியாவது, அவள் ஒரு தடவை வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த நிமிஷமே எழுதியிருப்பார். அது எனக்குத் தெரியும். இவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.